நூற்றுப் பதினேழாம் பக்கம்

நூற்றுப் பதினேழாம் பக்கத்திலை நான் வாறன்.
பேரை மாத்திப்போட்டா.
மோட்டார் சைக்கிளை மாத்தேல்லை:
சிவப்பு நிறம், உடைஞ்ச இடப்பக்கக் கண்ணாடி,
ராங்கிலை ஒட்டின மடு மாதா.
வரணியிலை அந்தச் சத்தம் கேட்டாலே
பொம்பிளையள் பின்வேலிப் பொட்டுக்குள்ளாலை ஓடுவினம்.
அதையும் எழுதியிருந்தா.

செவ்வாய்க்கிழமை தவணை நாள்.
ஐஞ்சு பேர் ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவள் பிணை.
கோழி வளர்க்கக் குடுத்த நாப்பதினாயிரம்
கோழியைத் திண்டு, கூட்டைத் திண்டு,
காதிலை கிடந்த தோட்டையும் கழட்டின கணக்கு
என்ரை பைக்குள்ளை.
ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரையும்
அவளின்ரை முத்தத்திலை இருத்திவைப்பன்.
பொழுதுபட்டாலும் எழும்ப விடன்.
கொம்பனி படிப்பிச்ச வித்தை அது.
நான் ஒருநாளும் குரல் உயர்த்தினதில்லை.
அதையும் எழுதியிருந்தா:
‘அவன் கத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.’

திலகராணியின்ரை குழுவிலை ஐஞ்சாவது ஆளாய்
ஒரு மெலிஞ்ச மனிசி வந்து குந்தினவ.
புஸ்பகாந்தி. தபால் கந்தோரிலை முத்திரை குத்துறவ.
அவவும் கடன் எடுத்தவ,
ஒரு தவணையும் பிந்தாமல் கட்டினவ.
புத்தகத்தின்ரை பின்மட்டையிலை
பென்சிலாலை ஏதோ கிறுக்குவா.
கணக்கு எண்டு நினைச்சன்.
கணக்குத்தான்.

கொடிகாமத்திலை வெளியீடு.
அம்பது கதிரை, இருபத்திரண்டு சனம், வடை.
ஆர் வாசிக்கப் போகினம் எண்டு மனேச்சர் சிரிச்சார்.
ஒரு பஸ் கொண்டக்டர் வாசிச்சான்.
மனிசிக்கு வாசிச்சுக் காட்டினான்.
மனிசி சங்கக்கடை வரிசையிலை நிண்டு சொன்னாள்.
கிளினிக் வாங்கிலை, வெங்காயத் தறைக்குள்ளை
மட்டை கிழிஞ்சு, மீன் மணத்தோடை
ஒரே பிரதி நடந்து திரிஞ்சது.
பிறகு வந்த செவ்வாய் ஒருத்தியும் ஓடேல்லை.
வரிசையாய் நிண்டு என்ரை முகத்தைப் பாத்தினம்,
பக்கத்தோடை ஒத்துப் பாக்கிற மாதிரி.

மிச்சம் பேப்பரிலை வந்ததுதான்.
கச்சேரிக்கு முன்னாலை பாய் விரிச்சு இருந்தது,
கொழும்பிலையிருந்து விசாரிக்க வந்தவை
நாவலைச் சிங்களத்திலை வாங்கிக்கொண்டு போனது,
சட்டம் வந்தது.
வட்டிக்கு உச்சம். பிணைக்காரியைத் தொடேலாது.
ஒன்பதாம் பிரிவு: ‘பொழுது பட்ட பின்
கடன்பட்டவரின் வளவுக்குள் நுழையலாகாது.’
‘வளவு’ எண்டு எந்தச் சட்டத்தரணி எழுதுவான்?
அது அவவின்ரை சொல்.

நாவலிலை திலகராணி தப்பியிடுறாள்.
கிணத்துக்கட்டு வரை போய்,
வாளியிலை தண்ணி அள்ளிக்கொண்டு திரும்பி வாறாள்.
வரணியிலை அவள் திரும்பி வரேல்லை.

வேலை போன மாதம்
விண்ணப்பம் அனுப்பத் தபால் கந்தோருக்குப் போனன்.
‘ஏன் மாத்தினீங்கள்?’ எண்டு கேட்டன்.
என்னைத் தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ளேல்லை.
‘செத்தவளுக்கு எண்டால்
அழுதுபோட்டு எழும்பிப் போயிடுவினம்.
உயிரோடை நிக்கிறவளுக்குத்தான் பதில் சொல்லவேணும்.’
பிறகு முத்திரையை நக்கி ஒட்டச் சொன்னா,
பசை முடிஞ்சுது எண்டு.
‘உங்களுக்கு நித்திரை வருதோ?’ எண்டு கேட்க நினைச்சன்.
பின்னாலை ஆக்கள் நிண்டதாலை விட்டிட்டன்.

மோட்டார் சைக்கிளும் லீசிங்தான்.
மூண்டு மாதம் கட்டேல்லை.
நேற்று ஒரு பொடியன் வந்தான், புதுச் சேட்டு, புதுப் பை.
படலையடியிலை நிண்டு வானத்தைப் பாத்தான்,
மணிக்கூட்டைப் பாத்தான்,
திரும்பிப் போனான்.
நான் கதவுக்குப் பின்னாலை
மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

திலகராணியின்ரை தவணைப் புத்தகம்
இன்னும் என்னட்டைக் கிடக்கு.
ஏழு தவணை மிச்சம்.
ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு
சட்டத்திலை ஒரு பிரிவும் இல்லை.