விசில் ஊதவில்லை

நாலுக்கு மூன்று.
மூதூர்க்காரர் பஸ் ஏறிப் போய் ஒரு மணித்தியாலம்.
நாங்கள் இன்னும் லாபீரின் கடையில்
தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

மேசையில் உப்புப் போத்தல்தான் பெனடிக்ற்,
கோல் காக்கும் முப்பத்தெட்டு வயது.
பிளேன்டிக் கிளாஸ் நாலும் பின்வரிசை.
பாதி தின்ற வாய்ப்பன் பந்து.
கமலராஜன் உருட்டிக் காட்டுகிறான்:
"இதால வந்தான், இதால போனான்,
ஏனெண்டு கேக்க ஒரு நாயில்லை."

"வலப்பக்கம் கதவில்லாத வீடு எண்டு
போன மாசமே சொன்னனான்."
"போன மாசம் நீ சொன்னது இடப்பக்கம்."
"ரெண்டும்தான்."

அஸ்ஜத்தை எடுத்துக்கொள்,
பத்தொன்பது வயது, ஜமாலியாப் பெடியன்.
ஏறிப் போனால் சோளகக் காற்று.
திரும்பி வருவதற்கு மட்டும்
ஐந்தரை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.
அவன் விட்டுப்போன இடத்தில்
ஒரு கரைவலையை விரித்துக் காயப்போடலாம்.

"பின்னுக்கு நிண்டு கத்த ஒருத்தன் வேணும்.
பெனடிக்ற் வாயைத் திறந்தா இருமல்தான் வருது."
"பெடியளை வச்சு விளையாடினா இதுதான்."
"பழசுகளை வச்சு ஏழு வாங்கினம்,
மறந்திட்டியோ?"

சுற்றிச் சுற்றி வந்தும் கடைசியில் எல்லாரும்
எண்பத்தாறாம் நிமிடத்தில் போய் முட்டினோம்.

கோட்டைப் பக்கமிருந்து வந்ததோ,
டச்சுக்குடாக் குப்பையை மேய்ந்துவிட்டு வந்ததோ,
ஒரு பெட்டை மான்
கார்னர்க் கொடிக்கும் பெட்டிக்கும் நடுவே
தன் வீட்டு முற்றத்தில் போல நடந்தது.
யதுர்சன் நின்றான்.
பதினேழு வயது, மூன்றாவது மாட்ச்.
காலை நீட்டினால் பந்து.
நீட்டவில்லை. கையை உயர்த்தி
நடுவரைப் பார்த்தான்.
மூதூரின் பத்தாம் நம்பர்
மானைச் சுற்றிக்கொண்டு போய்
அவசரமே இல்லாமல்
உப்புப் போத்தலுக்கு அப்பால் தள்ளிவிட்டான்.

"சட்டம் இருக்கு.
வெளியாள் உள்ளுக்கு வந்தா ஆட்டத்தை நிப்பாட்டவேணும்."
"மான் ஆளே?"
"விசில் ஊதினதே? இல்லை.
ஊதும் வரைக்கும் ஓடவேணும்,
கடல் வந்தாலும் ஓடவேணும்."
"அதின்ர கால் முறிஞ்சிருந்தா
முதல் ஆளாப் போய் அவனை அடிச்சிருப்பாய்."

அதுவரை பேசாமல் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்த நிஸ்தார்
கரண்டியை நக்கி வைத்தான்.
"அவன் மானுக்காக நிக்கேல்லை.
களைச்சுப்போய் நிண்டவன்.
மான் நல்ல நேரத்தில வந்துது."

ஒருவரும் வாய்ப்பனைத் தொடவில்லை.

"கடையச் சாத்தணும்" என்று லாபீர்
எங்கள் பின்வரிசையை
இரண்டு விரலில் கோத்துத் தூக்கிக்கொண்டு போனார்.
யதுர்சன் இருந்த இடத்தில்
ஈர வட்டம் ஒன்று.

நான் நல்லவன் என்று நினைக்காதே.
வேலியோரம் நின்று முதலில் கத்தியது நான்தான்,
அவன் தாயையும் சேர்த்து.
நாலு கதிரை தள்ளி
மடியில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்த பெண்
யாரென்று பிறகுதான் தெரியும்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
மூடியைத் திறந்தாள், மூடினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில்
ஓட்டோ வெளிச்சத்துக்குள் மூன்று மான்.
பிரேக் பிடித்தேன்.
பின்னால் கல் ஏற்றிய லொறி,
விட்டு விடாமல் ஹோர்ன்.
கையை வெளியே நீட்டி உயர்த்தினேன்,
யாருக்கு என்று எனக்கே தெரியாது.
அதுகள் தெருவைக் கடந்து முடிய
இரண்டு கோல் அடித்திருக்கலாம்.

இருந்தாலும்
ஒரு எட்டு முன்னுக்கு வந்திருந்தால்
பந்து வெளியே போயிருக்கும்.
மானும் தப்பியிருக்கும்.

ஞாயிறு கிண்ணியாவோடு.
அவனைத்தான் போடவேணும், வேறு யார் இருக்கு?
இடப்பக்கம்தான்
யோசனையாக் கிடக்கு.