தங்கூசி

பனியில் வெட்டிய துளையோரம்
தூண்டிலை வைத்துவிட்டு
ஸினோவி பிளாஸ்கைத் திறந்த நேரம்தான்.
மீன்துண்டு கோத்த முள்ளை
க்ரோஷ்கா விழுங்கிவிட்டது.
பதினோரு வாரக் குட்டி.
மென்றுகூடப் பார்க்கவில்லை.

கோட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்தார்.
வாயோரத்தில் ஒரு சாண் தங்கூசி
எச்சில் சொட்டத் தொங்கியது.
"மெல்ல இழுத்தா வந்துடும்."
நாற்பது வருஷம் மீன்வாயில் முள் பிடுங்கிய கை.
அந்தக் கைமேல் ஓங்கி ஒன்று வைத்தேன்.
பிடுங்கிய பிறகு மீன் என்ன ஆனது என்று
அது ஒருநாளும் விசாரித்ததில்லை.

தார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
ட்ரீனு என்று ஒரு டாக்டர் பெண்.
என் எஸ்தோனியம் சந்தைக்கு மட்டும்:
வெங்காயம், கிலோ, சில்லறை, சனிக்கிழமை வா.
அவளுடைய ருஷ்யமும் ஏறக்குறைய அவ்வளவே.
அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

இழுக்காதே.
ஒட்ட அறுக்காதே.
வாந்தி எடுக்க வைக்காதே,
போகும்போது குத்தாத இடத்தையும்
வரும்போது கிழிக்கும்.
ரொட்டி, கஞ்சி, தண்ணீர், ஒன்றும் வேண்டாம்.
தொங்குவதைக் கழுத்துப்பட்டையோடு
தளர்வாகக் கட்டு
(முடிச்சுக்கு அவளுக்கு வார்த்தை வரவில்லை,
"ஷூ, ஷூ" என்றாள்).
உடனே கிளம்பு.

திரும்பிப் பார்த்தால் அடுப்பில் கஞ்சி.
"முள்ளைச் சுத்திக்கிட்டு வழுக்கிப் போகும்,
எங்க அப்பா செஞ்சிருக்கார்."
அந்த நாய் பிழைத்ததா என்றேன்.
அடுப்பை அவரே அணைத்தார்.

வெங்காய வேன். ஹீட்டர் போட்டால்
சருகு பறக்கிற வேன்.
நாற்பத்தைந்து கிலோமீட்டரும்
குட்டி விழுங்கிக்கொண்டே வந்தது.
ஒவ்வொரு விழுங்கலுக்கும் தங்கூசி
ஒரு நூலளவு விறைத்தது, தளர்ந்தது.
நான் முடிச்சைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
"ரோட்டைப் பாருங்க."

எக்ஸ்ரேயில்
நெஞ்சுக்கு நடுவே முள், வெள்ளையாக.
அதற்குக் கீழே, வயிற்றில், இன்னொன்று:
கவிழ்த்து வைத்த சின்ன டம்ளர் மாதிரி.
"இது என்ன?" என்றாள் ட்ரீனு.

எனக்குத் தெரியும்.
என்னுடைய பித்தளை விரலுறை.
மூன்று வாரமாய்த் தேடுகிறேன்.
தேடியதோடு விட்டிருக்கலாம்.
"நீ வந்துபோன பிறகுதான் காணோம்" என்று
நாத்தனார் உஸ்தின்யாவிடம்
ஞாயிற்றுக்கிழமை, ஜெபக்கூடத்து வாசலில்,
பத்துப் பேர் காதுபடச் சொன்னேன்.

மயக்க ஊசி போட்டார்கள்.
குழாயும் அதன் நுனியில் ஒரு கண்ணும் உள்ளே போயின.
முள்ளை வந்த வழியே இழுக்கவில்லை.
முதலில் முன்னே தள்ளினார்கள்,
எதிர்முள் சதையை விட்டதும்
ஓர் உறைக்குள் மூடிக் கொண்டுவந்தார்கள்.
விரலுறை அதற்குப் பின்னால், சாதுவாக.
வயிற்றைக் கிழிக்கவே இல்லை.
ரசீதில் இருந்தது இரண்டு மாத வெங்காயம்.
ஸினோவி எண்ணிக் கொடுத்தார்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
அவருடைய அக்காதானே.

இருட்டிவிட்டது. ஏரிக்கரைத் தெருவில்
எங்கள் வீட்டைத் தாண்டி வேன் போனது.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
மூன்றாவது விளக்கின்முன் நிறுத்தினார்.
இஞ்சினை அணைக்காமல்
நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
இதற்கு என்ன செய்வது என்று
ட்ரீனுவைக் கேட்டு வந்திருக்கலாம்.

கதவைத் திறந்த உஸ்தின்யா
என் நெஞ்சோடு தூங்கும் குட்டியைப் பார்த்தாள்.
நீட்டிய டப்பாவைப் பார்த்தாள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
விரலுறையை எடுத்து
விரலில் போட்டாள்.
ஏறவில்லை.
நகத்தோடு நின்றது.
அவள் கை என்னுடையதைவிடப் பெரிது.
முப்பது வருஷமாய்
ஒரே பாத்தியில் எதிரெதிரே குந்தி
வெங்காயம் பிடுங்கியிருக்கிறோம்.

"குளிருது" என்றாள்,
"நாயை உள்ளே கொண்டா."