முழங்காலுக்குக் கீழே

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டேன்.
போன போகிக்கு உள்ளே புரண்டு வந்த கூட்டம்
இரண்டு குத்துவிளக்கை நசுக்கிவிட்டுப் போனது.
காசு கேட்டால்
"தெருவுக்கும் தெருவுக்கும் ஆட்டம்க்கா,
இதுல யாருன்னு சொல்ல?"
அதனால் இந்த வருஷம் பந்தடித் தெருவில் எனக்கு
முழங்காலுக்குக் கீழேதான் தரிசனம்.

மதுரைக்குக் குளிர் வந்தால்
முதலில் எவர்சில்வருக்குத் தெரியும்.
தூக்குவாளியைத் தொட்ட விரல் பின்வாங்கும்.
காலையிலிருந்து தூற்றல்.
பெய்யவும் இல்லை, போகவும் இல்லை,
கைமாற்று கேட்க வந்த ஆள் மாதிரி
வாசலிலேயே நிற்கிறது.

பந்து, சாயப்பட்டறை சாந்தாராம் கட்டியது.
சுங்குடி வெட்டுத்துணி, முடிச்சவிழ்த்த நூல்,
மேலே சணல். இரண்டு தேங்காய்ப் பருமன்.
ஈரம் பட்டால் சாயம் விடும்.
மூன்றாவது தெருக்காரர்கள் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டும்,
ஐந்தாவது தெருக்காரர்கள் டிரான்ஸ்பார்மருக்கு.
வேறு விதி இருப்பதாகத் தெரியவில்லை.

கால்கள்.
கறுப்புக் கயிறு கட்டியது கோவர்த்தனன்.
வெள்ளை சாக்ஸோடு ஓடுகிறவன் இன்று வீட்டில் அடி வாங்குவான்.
ஆளில்லாத செருப்பு ஒன்று
சாக்கடையோரம் தனியாகப் போகிறது.
பந்தோபஸ்துக்கு வந்த பூட்ஸ் ஒரு ஜோடி
அசையாமல் நின்றிருந்தது ஓரமாக.
பந்து பக்கத்தில் வந்தது. சுற்றுமுற்றும் திரும்பியது.
ஒரே ஒரு உதை.
மறுபடி அசையாமல் நின்றது.

யாரோ முதுகால் ஷட்டரில் மோதும்போதெல்லாம்
கடையிலுள்ள அத்தனை தட்டும் மூடியும்
ஒருமுறை பேசி ஓய்கின்றன.

அப்போதுதான் பார்த்தேன் அந்த வலது காலை.
பழுப்பு நிறத்தில் பட்டைக்கட்டு,
நான் காலையில் சுற்றி, கொக்கி மாட்டிய கட்டு.
மூட்டு தேய்ந்துவிட்டதாம், ஏணி ஏறக்கூடாதாம்,
மூன்று மாதமாக மேல்தட்டுச் சாமான் எல்லாம் என் தலையில்.
ஸ்கேன் எடுக்கப் போவதாகச் சொன்ன கால்
மூன்று பேரை இடித்துத் தள்ளி
குழாயடிப் பக்கம் பறக்கிறது.

கத்தவில்லை நான்.
ஈயப் பாத்திரத்துக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பந்து தானாகத்தான் வந்தது.
ஷட்டருக்கடியில் சறுக்கி, எடைத்தராசில் முட்டி,
என் பாதத்தருகே நின்றது.
தூக்கினேன். நனைந்த துணியின் கனம்.
பெரிய அண்டாவில் போட்டு மூடினேன்.

வெளியே கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.
பிறகு ஒவ்வொன்றாக முட்டி போட்டன.
கைகள் ஊன்றின. முகங்கள் வந்தன,
வரிசையாக, தலைசாய்ந்து, மூக்கில் நீர் சொட்ட.
நடுவில் இவர்.
மடங்காத முட்டியை நன்றாக மடக்கி.

"குடுத்துரு. நம்ம தெருப் பக்கமா உருட்டு."
"மேல்தட்டுல இருபத்துநாலு இட்லிப் பானை இருக்கு.
எறக்குங்க."
"இப்பவா?"
"இப்பத்தான்."

இரண்டு தெருவும் படுத்தபடி பார்த்தது.
அவர் குனிந்து நுழைந்தார், ஏணி போட்டார், ஏறினார்.
ஒரு படிகூடத் தடுமாறவில்லை.
"அண்ணே, சூப்பர்ண்ணே" என்றான் கோவர்த்தனன்.
பானையை என் கையில் வைத்தபோது
பழக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டார்.
தெரு மொத்தமும் சிரித்தது. பூட்ஸும்.

அண்டாவைத் திறந்தேன்.
பந்தை ஐந்தாவது தெருப் பக்கம் உருட்டிவிட்டேன்.

பொங்கல் வியாபாரம் முழுக்க
என் உள்ளங்கை அரக்குச் சிவப்பு.
சில்லறை வாங்கிய ஒவ்வொருவரும்
யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.