ல, ள, ழ

ரோஸ் ஹில்லில் பஸ் ஏறும்போதே மழை.
மடியில் மூன்று பாடத்திட்டங்கள்:
புள்ளியியல்,
பயன்பாட்டுப் புள்ளியியல்,
தரவு அறிவியல்.
நாலு மணிக்குள் ரெடுயி வளாகத்தில்
முதல் கட்டத்தை நிரப்பித் தர வேண்டும்.

பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டேன்.
முப்பத்தாறு தாள்களில் முப்பத்தொன்று ஒன்றேதான்.
அதே நிகழ்தகவு, அதே திங்கட்கிழமைக் காலை,
அதே கண்ணாடிக்காரர்தான் நடத்துவாராம்.

தரவு போடு, என்றான் பிரகாசென்.
எபேனில் ஒன்பதாவது மாடியில் வேலை.
சம்பளத்தைச் சொல்லவில்லை,
காரைக் காட்டினான்.
அப்பாவுக்குப் பயன்பாடு என்ற சொல்லே போதும்.
"பயன்படாததை எதுக்குப் படிக்கணும்?"
வெறும் புள்ளியியலுக்குப் பரிந்து பேச
எங்கள் வீட்டில் ஆளில்லை.

தமிழ்த் தேர்வில் எனக்கு மதிப்பெண் போவது
எப்போதும் மூன்று எழுத்தில்.
கிரியோல் பேசும் நாக்கு மடங்காது.
விலை, விளை, விழை:
ஒரே மாதிரி வாசிப்பேன்.
வகுப்பில் யாரும் சிரித்ததில்லை,
எல்லாரும் அப்படித்தான்.
சிவப்பு மை மட்டும் கண்டுபிடிக்கும்.
பிரகாசென் சொன்னது விலை.
அப்பா கேட்டது, விளையுமா என்று.

வளாக வாசலில் தால் பூரிக்காரர்,
"ஒரு ஜோடியா, ரெண்டா?"
ஒற்றையாய் விற்பதில்லை.
விரலில் மிளகாய் எரிய
மிச்சம் ஐந்து தாள்களை மறுபடி படித்தேன்.

பயன்பாட்டில், மூன்றாம் ஆண்டு, ஒரு வரி:
மாதிரி எடுத்தல், களப்பணி, ஆறு வாரம்.
கதவு கதவாகத் தட்ட வேண்டும்.
வீட்டில் எத்தனை பேர்,
எத்தனை பேர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள்.
நாய் குரைக்கும்.
ஒருவர் வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்,
ஒருத்தி வயதை.
அந்தப் பொய்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள
ஒரு சூத்திரம் உண்டாம், நான்காவது வாரத்தில்.
எனக்கு அந்த நான்காவது வாரம் வேண்டும்.

தான் ஜெயித்ததாக அப்பா நினைப்பார்.
நினைக்கட்டும்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள்
படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
குறியீட்டின் கடைசி எண்மேல்
என் விரல் எண்ணெய்.
ஒன்றா இது, வேறா, என்று கேட்டாள்.

"ஏழு" என்றேன்.
தமிழில் வந்துவிட்டது,
நாக்கு நன்றாக மடங்கி.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
"செட்" என்றேன் மறுபடி.