நாற்பது மீட்டர்

தொப்பூர் இறக்கம், காலை ஆறரை.
டேப்பின் ஒரு நுனியைச் சென்றாயன் மிதித்துக்கொள்ள
கறுப்புத் தடத்தின் மேலேயே நடக்கிறேன்.
நாற்பது மீட்டர்.
தடம் முடிகிற இடத்தில் லாரி,
அதற்கு ஒரு முழம் தள்ளிப் பஞ்சரான வேன்,
ரோடெல்லாம் பாலக்கோட்டுத் தக்காளி.

"முப்பதுலதான் வந்தேன் மேடம்.
லோடு ஜாஸ்தி, அதான் நிக்கல."
மாதையனுக்குக் குரல் இன்னும் நடுங்குகிறது.

ஜீப்பின் பானட்டில் தாளை விரித்து எழுதுகிறேன்:
தார் பிடித்து இழுத்தது பத்தில் ஆறு,
சரிவு அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது,
மீதி ஐந்து.
உராய்வு செய்த வேலை இந்தப் பக்கம்,
ஓட்டத்தில் இருந்த ஆற்றல் அந்தப் பக்கம்.
நிறை இரண்டு பக்கமும் இருக்கிறது, அடித்துவிடலாம்.
இந்த விபத்தில் அடிபட்டது
அது ஒன்றுதான்.

பத்து டன்னோ காலி வண்டியோ
தடத்துக்குத் தெரியாது.
வேகத்தின் வர்க்கம் நானூறு.
மூலம் இருபது.
மணிக்கு எழுபத்திரண்டு, மாதையா.
முப்பதென்றால் ஏழு மீட்டரில் நின்றிருப்பாய்,
அதோ, சென்றாயன் செருப்புக்குச் சற்று இப்பால்.

அவன் தாளைப் பார்க்கவில்லை.
வேனுக்கடியில்
இன்னும் தூக்கியபடி நிற்கும் ஜாக்கியைப் பார்க்கிறான்.

நாற்பத்தொன்றாவது மீட்டரை
நான் அளக்கவில்லை.