மூன்றடி மேற்கே

டுலூத் நகரில், ஏரியிலிருந்து செங்குத்தாக ஏறும் தெரு.
ஷூவில் ஒட்டிய பனியை வாசலில் உதறிவிட்டு
படிவத்தைப் பிரிக்கிறேன்.
கட்டிய ஆண்டு: 1909.
கட்டியவர்: ஆண்டர்ஸ் குவாமெ, இரும்புத்தாதுத் துறையில் தச்சன்.
அசல் நிலை:
இந்தக் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்புவேன்.

முன்தாழ்வாரத்தை முப்பத்தொன்றில் அடைத்திருக்கிறார்கள்.
வேலை போன வருடம்.
வாடகைச் சீட்டில் மூன்று பெயர், ஒரே கட்டில்.

மாடிப்படியை நாற்பத்துமூன்றில் அறுத்தார்கள்,
கப்பல் பட்டறைக்கு ஆள் குவிந்தபோது.
மேல்வீட்டுக்கு வெளியே தனிப்படி, காற்றில்.
பழைய படியின் பாதி
இப்போது துணி அலமாரிக்குள்
கோட்டுகளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது,
கூரையில் முட்டும்வரை.

அலுமினியத் தகடு அறுபத்திரண்டில்.
விற்றவன் நாற்பதாண்டு உத்தரவாதம் கொடுத்தான்;
அவன் கம்பெனி நான்காண்டு இருந்தது.
தகடுகளோ இருக்கின்றன.
ஒரு மூலையை நெம்பினால் அடியில் தேவதாரு,
மீன்செதில் போல் அடுக்கியது,
கடுகு மஞ்சள் பொடியாகி விரலில் ஒட்டுகிறது.

லவான் ஹவுக்கலா காபிக் கோப்பையோடு பின்னாலேயே வருகிறார்.
“அந்தப் பித்தளைப் பலகை கிடைக்குமா, கிடைக்காதா?
ஜன்னலையெல்லாம் பிளாஸ்டிக் ஆக்கியது
என் இரண்டாவது புருஷன்.
அதை என் கணக்கில் எழுதாதே.”

நகராட்சிப் பெட்டியில் கிடைத்த நீலத்தாளை
வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
அதில் சமையலறை அகலம்.
ஏரியைப் பார்த்து இரண்டு ஜன்னல்.
இங்கே ஒன்று.
அடைத்த தடம் இருக்குமென்று சுவரைத் தட்டினேன்,
தடம் இல்லை.
நாடா பிடித்தேன், மறுபடி பிடித்தேன்:
மூன்றடி குறைகிறது.

நிலவறைக்கு இறங்கினோம்.
கொதிகலனுக்குப் பின்னால்
படுத்த எருமை மாதிரி ஒரு பாறை.
கிழக்குச் சுவர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
வெடி வைக்கக் காசில்லையோ, மனசில்லையோ,
குவாமெ முளைக்குச்சியைப் பிடுங்கி
மூன்றடி மேற்கே நட்டிருக்கிறான்.
அவன் மனைவியிடம் அந்த ஜன்னலைப் பற்றி
அன்றிரவு என்ன சொன்னானோ,
தாளில் இல்லை.

முதல் ஆணி இறங்குமுன்பே
வீடு மாறிவிட்டது என்றால்
நான் எதோடு எதை ஒப்பிடுவது?
பாறையாவது அசல் என்று டார்ச்சைத் திருப்பினேன்.

பச்சைப் பெயின்ட். இரண்டு பூச்சு.

“எழுபத்தாறில் நான்தான் அடித்தேன்,” என்றார் லவான்.
“டப்பாவில் மிச்சம் இருந்தது.
வீணாக்குவானேன்?”

படிவத்தில் நிறத்துக்கென்று ஒரு வரி உண்டு.
பச்சை என்று எழுதினேன்.