கரண்ட் தனி

வாடகை எழுபதுங்க,
கரண்ட் தனி.
குப்பை வண்டிக்கு மூவாயிரம்,
கேஸ் உங்களுது,
ஜெனரேட்டர் ஓடுனா மணிக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு,
ஓடலீன்னாலும்
வந்து நின்னதுக்கு ஒரு ஆயிரம்.

மண்டியில் பதினோரு வருசமாக
மஞ்சள் மூட்டை எழுதும் கை இது.
சாக்கு எடை கழித்து, ஈரம் கழித்து, கமிஷன் கழித்து
விவசாயி கையில் என்ன நிற்குமென்று
பேனா திறக்கும் முன்னே சொல்லிவிடுவேன்.
இந்தக் கணக்கில் கழிக்கவே இடமில்லை.

பெருந்துறை ரோட்டில் மூன்று பார்த்தோம்.
முதலாவதன் வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகள்,
ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை.
இரண்டாவதில் மேனேஜர் கேட்டார்,
"கல்யாணம் புள்ளைக்குங்களா, பையனுக்குங்களா?"
"எங்களுக்குத்தானுங்க" என்றார் லோகநாதன்.
அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு
பதினாறு ஃபேனும் சுற்றுவதைக் காட்டினார்.

மூன்றாவதில்,
"எத்தனை இலைங்க?"
"எண்பது."
"பந்திக்குங்களா?"
"மொத்தமே."
"ஐநூறுக்குக் கொறஞ்சா நம்ம ஹாலு
வெறிச்சுனு இருக்குமுங்க,
போட்டோவுல நல்லாருக்காது."

முதல் தடவை இரண்டாயிரத்து நூறு இலை.
தை மாசம், வளர்பிறை, மூன்று ஜோசியர் பார்த்த நாள்.
அப்பாவின் ஒன்றரை ஏக்கர்
ஒரே ராத்திரியில்
சீரியல் பல்பாக எரிந்த மகால்.
ஒறம்பரை மொத்தமும் வந்து
பாயசத்தில் முந்திரி குறைவென்று சொல்லிப் போனது.
பதினான்கு மாதம் கழித்து
கோர்ட்டு வராந்தாவில்
நானும் அம்மாவும் ஒரு டிபன் டப்பாவும்.
அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

எண்பதுகூட இழுத்துப் பிடித்த எண்தான்.
மண்டியில் பன்னிரண்டு பேர்,
அவருடைய பாய்லர் ஷிப்ட் ஆட்கள்,
அவர் மகள் தருணிகா, அவளுடைய இரண்டு சிநேகிதிகள்,
(ஐஸ்கிரீம் உண்டா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று)
வரமாட்டேனென்று ஆளனுப்பிச் சொன்ன
பெரியப்பாவுக்கும் ஒரு இலை.

பவானி ரோட்டில்
வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம்
நாலாவது மண்டபம்.
உள்ளே ஆடித் தள்ளுபடி.
மணமேடை முழுக்க பெட்ஷீட் குவியல்,
மாலை தொங்கவிடும் கம்பியில்
நைட்டிகள் வரிசையாக.
அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே
கல்லா போட்டிருந்த வள்ளியாத்தா சொன்னார்:
"ஆவணி பூராவும் புக்கிங்குங்.
ஆடீன்னா பதினெட்டாயிரம்.
ஜவுளிக்காரங்க அடுத்த வாரம் காலி பண்றாங்க."
"கரண்டுங்க?"
"தனிதானுங்.
ஆனா ஆடியில ஃபேன் எதுக்கு,
மேக்கால ஜன்னலைத் தொறந்துட்டாப் போதும்."

போனில் அம்மா,
"ஆடியில எவளாவது தாலி கட்டிக்குவாளா?
ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாமா."
தையில் மிதித்த அம்மி
எங்கே போச்சும்மா?
தொண்டை வரை வந்தது.
"சாப்பிட்டயா" என்று கேட்டேன்.

லோகநாதன் ஜன்னல்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்.
ஒன்றில் கொக்கி இல்லை.
திறந்த மாத்திரத்தில்
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேரே வந்தது போல ஒரு காற்று,
விலைச் சீட்டுகளெல்லாம் படபடவென்று அடித்து
ஒரு நைட்டி கழன்று
அவர் முகத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது.
சேல்ஸ் பிள்ளைகள் சிரித்தார்கள்.
உள்ளேயிருந்து அவரும்.

அட்வான்ஸ் இரண்டாயிரம் கொடுத்தேன்.
ரசீதில் 'நிகழ்ச்சி' என்ற இடத்தில்
கார்பன் ஏறி
'ஜவுளி விற்பனை' என்று மங்கலாகத் தெரிந்தது.
அதன் மேலேயே அழுத்தி எழுதினார்,
திருமணம்.

கிளம்பும்போது
இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று எடுத்தோம்.
முன்னூற்றைம்பது போட்டிருந்தது,
இருநூற்று எழுபதுக்கு முடித்தேன்.
மண்டபம், சமையல், பூ, தாலி,
எந்தத் தலைப்பிலும் அது சேரவில்லை.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.